பழைய ஏஎம்ஆர், டபிள்யூஎம்ஏ, ரியல்ஆடியோ கோப்புகளை இன்றைய வடிவத்துக்கு மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய நோக்கியாவில் பதிந்த தாத்தாவின் பேச்சு ஏஎம்ஆர் கோப்பாக இருக்கும். சிடியிலிருந்து கணினியில் ஏற்றிவைத்த பாட்டு டபிள்யூஎம்ஏ-வாக இருக்கும். டயல்-அப் காலத்தில் இறக்கிய கச்சேரி ஆர்எம் அல்லது ஆர்ஏ என்று முடியும் ரியல்ஆடியோ கோப்பாக இருக்கும். சிடிஎம்ஏ கைபேசி வைத்திருந்த வீடுகளில் க்யூசிபி என்று முடியும் கோப்புகள்கூட அகப்படும்.

மாற்றும் பொத்தானை அழுத்த எல்லாருக்கும் வருகிறது. அதற்கு முன் செய்யவேண்டியதைத் தாண்டிப் போவதால்தான் பதிவுத் தேதி தொலைகிறது, பேச்சு பாதியில் வெட்டுப்படுகிறது, சில நேரம் மூலக் கோப்பே அழிகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கணினி வேண்டும். போனிலேயே மாற்றித்தரும் செயலிகள் உண்டு; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை என்ன பிட்ரேட்டில் (நொடிக்கு எவ்வளவு தரவு), எத்தனை சேனலில் (ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ) மாற்றுகின்றன என்று சொல்வதில்லை. இணையத்தில் ஏற்றி மாற்றும் தளங்களையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டுப் பேச்சு, தொலைபேசி உரையாடல் எல்லாம் முகம் தெரியாத சர்வருக்குப் போகத் தேவையில்லை.

மென்பொருள் நான்கு போதும், விண்டோஸில் எல்லாம் இலவசம். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ. கேட்டுப் பார்க்க விஎல்சி. மாற்றுவதற்கு ஆடாசிட்டி, கூடவே அதற்கான எஃப்எஃப்எம்பெக் நூலகம். டேக், அதாவது கோப்புக்குள் எழுதிய பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களைத் திருத்த எம்பி3டேக்.

அந்த எஃப்எஃப்எம்பெக் நூலகத்தில்தான் புதியவர்கள் முதலில் இடறுகிறார்கள். ஆடாசிட்டி தானாக வேவ், எம்பி3, ஃப்ளாக், ஆக் போன்றவற்றை மட்டும் திறக்கும். ஏஎம்ஆரையோ டபிள்யூஎம்ஏ-வையோ இழுத்துப் போட்டால் பிழைச் செய்தி வரும். உடனே "கோப்பு கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நூலகத்தை நிறுவியபின் ஆடாசிட்டியின் விருப்பத் தேர்வுகளில் லைப்ரரிஸ் பகுதிக்குப் போய், அது நூலகத்தைக் கண்டுகொண்டதா என்று பாருங்கள். பதிப்பு எண் தெரிந்தால் சரி.

2. மூலத்தை நகலெடுங்கள், தேதியையும் சேர்த்து

பழைய மெமரி கார்டிலோ சிடியிலோ இருக்கும் கோப்பை அங்கேயே வைத்து மாற்றத் தொடங்காதீர்கள். முழுவதையும் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அதற்கு 'மூலம்' என்று பெயர் வையுங்கள். அதைத் திறந்து பார்க்கலாம், கேட்கலாம். அதில் எதையும் எழுதக் கூடாது, அழிக்கக் கூடாது.

எஸ்60 வகை நோக்கியாக்களில் குரல் பதிவுகள் சவுண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிஜிட்டல் என்ற உள் ஃபோல்டரில் கிடக்கும். அங்கே இல்லையென்றால் கார்டு முழுவதிலும் ஏஎம்ஆர் என்று தேடுங்கள். சில போன்கள் பதிவை 3ஜிபி (.3gp) என்றும், சில சாம்சங் போன்கள் 3ஜிஏ என்றும் சேமித்திருக்கும். அவற்றையும் தேடிவிடுங்கள். கோப்பு கார்டில் இல்லாமல் போனின் உள் நினைவகத்தில் இருப்பதும் சகஜம்.

பதிவின் தேதிதான் இந்த வேலையிலேயே எளிதில் தொலையக்கூடியது. எப்போது பேசினார்கள் என்பதற்குப் பல நேரம் 'மாற்றப்பட்ட தேதி' மட்டும்தான் சான்று. ஏஎம்ஆர் கோப்புக்குள் தேதி எழுத இடமே கிடையாது. கார்டு ரீடர் வழியாக நகலெடுத்தால் இந்தத் தேதி அப்படியே வரும். புளூடூத்தில் அனுப்பினால் இன்றைய தேதி ஒட்டிக்கொள்ளும். வடிவம் மாற்றிய புதுக் கோப்பிலும் இன்றைய தேதிதான் இருக்கும். அதனால் நகலெடுத்த கையோடு கோப்புப் பெயர், மாற்றப்பட்ட தேதி, அளவு மூன்றையும் ஒரு விரிதாளில் எழுதிவையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில பழைய போன்களில் நாள் பின்னுக்குப் போய்விடும். வரிசையாகப் பல பதிவுகள் ஒரே ஜனவரி 1-ஐக் காட்டினால் அந்தத் தேதியை நம்பவேண்டாம். யார் யார் பேசுகிறார்கள், என்ன விசேஷம் பற்றிப் பேச்சு என்று கேட்டு, தோராயமான ஆண்டைப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டால் நல்லது.

3. எக்ஸ்டென்ஷனை நம்பாமல் உள்ளே பாருங்கள்

கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்து ஒரு சீட்டுதான். யார் வேண்டுமானாலும் கிழித்து வேறு ஒட்டலாம், ஒட்டியும் இருக்கிறார்கள். ஏஎம்ஆர் என்று முடியும் பெயரை எம்பி3 என்று திருத்திவிட்டு "மாற்றிவிட்டேன்" என்பவர்களை நிறையப் பார்க்கலாம். விஎல்சி போன்ற பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாடிவிடுவதால் ஏமாற்றம் உடனே தெரியாது. கார் ஸ்டீரியோவில் போட்டால்தான் தெரியும்.

ஒவ்வொரு கோப்பையும் மீடியாஇன்ஃபோவில் திறந்து மூன்று விஷயத்தைக் குறியுங்கள்: கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை), சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை ஒலி அளக்கப்பட்டது), சேனல் எண்ணிக்கை. அடுத்து எடுக்கும் எல்லா முடிவும் இவற்றைப் பொறுத்தது.

சாதாரண ஏஎம்ஆர் என்றால் 8 கிலோஹெர்ட்ஸ், மோனோ, நொடிக்கு 4.75 முதல் 12.2 கிலோபிட் வரை. தொலைபேசிப் பேச்சுக்காகவே செய்த கோடெக் இது. 8 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியும் இருக்க முடியாது. 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கிக் கேட்பது அதனால்தான். எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. 16 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் அது ஏஎம்ஆரின் வைட்பேண்ட் வகை, கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

டபிள்யூஎம்ஏ-வில் சாதாரணம், ப்ரோ, வாய்ஸ், லாஸ்லெஸ் என்று வகைகள் உண்டு. லாஸ்லெஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். துளி இழப்பில்லாமல் ஃப்ளாக் என்ற இழப்பில்லா வடிவத்துக்குப் போகலாம். ரியல்ஆடியோவில் அதிகம் காண்பது குக் என்ற கோடெக். 1990-களின் நடுவில் வந்த ஆரம்பகாலக் கோப்புகளில் 14.4, 28.8 மோடம் வேகத்துக்கென்று செய்த கோடெக்குகள் இருக்கும். இவை எல்லாவற்றையும் எஃப்எஃப்எம்பெக் படித்துவிடும். க்யூசிபியையும் படிக்கும்.

4. மாறாதவற்றை இப்போதே ஒதுக்குங்கள்

மொத்தமாக மாற்றும்போது நடுவில் நாலு கோப்பு தோற்றால் எது போனது, எது வந்தது என்ற குழப்பம் வரும். அதனால் அடம்பிடிப்பவற்றை முதலிலேயே தனி ஃபோல்டரில் போடுங்கள். மூன்று வகை அடிக்கடி வரும்.

முதலாவது, ஆர்ஏஎம் என்று முடியும் கோப்பு. அளவைப் பாருங்கள், பெரும்பாலும் 1 கேபி-கூட இருக்காது. நோட்பேடில் திறந்தால் ஒரு வரி முகவரி மட்டும் இருக்கும். அது பாட்டே இல்லை. பாட்டு எந்த சர்வரில் இருந்தது என்று சொல்லும் சுட்டி. அந்த சர்வர் இன்று இல்லையென்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. அந்த முகவரியில் உள்ள கோப்புப் பெயரைக் கொண்டு உங்கள் பழைய சிடிகளில் தேடிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பூட்டுப் போட்ட டபிள்யூஎம்ஏ. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியை ஏற்றும்போது 'நகல் பாதுகாப்பு' என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் சொந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டுக்கும் பூட்டு விழுந்திருக்கும். அந்தக் கணினியின் உரிமம் இல்லாமல் திறக்காது. விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்து விவரங்கள் தாவலில் பாதுகாக்கப்பட்டதா என்ற வரியைப் பாருங்கள். 'ஆம்' என்றால் ஆடாசிட்டியால் ஆகாது. பூட்டை உடைக்கும் கருவிகளைத் தேடிப் போகவேண்டாம். இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்வதைக் குற்றமாக்குகிறது. சிடி பரணில் இருந்தால் மறுபடி ஏற்றுங்கள். தரமும் கூடும்.

மூன்றாவது, பாதியில் நின்ற பதிவு. சார்ஜ் போய் போன் அணைந்தால் ஏஎம்ஆர் தப்பித்துவிடும். ஒவ்வொரு 20 மில்லிநொடித் துண்டும் தனித்தனியாக எழுதப்படுவதால், நின்ற இடம் வரை பாடும். 3ஜிபி அப்படி இல்லை. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல போன்கள் பதிவு முடியும்போதுதான் கடைசியில் எழுதும். அது எழுதப்படாமல் போனால் ஒலி முழுவதும் உள்ளே இருந்தும் எந்த பிளேயரும் திறக்காது. 'மூவ் ஆட்டம் கிடைக்கவில்லை' (moov atom not found) என்ற பிழை வந்தால் இதுதான் விஷயம். அதே போனில் அதே அமைப்பில் பதிந்த நல்ல கோப்பு ஒன்று இருந்தால், அன்ட்ரங்க் என்ற கருவி அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டித்தர முயலும். எல்லா நேரமும் பலிக்காது. ஆனாலும் இத்தகைய கோப்பை அழிக்காதீர்கள்.

5. எதற்கு மாற்றுவது?

இழப்புள்ள வடிவத்திலிருந்து (சுருக்கும்போது ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும் வடிவம்) இன்னோர் இழப்புள்ள வடிவத்துக்குப் போவது ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பதுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். பிட்ரேட்டை 320-க்கு ஏற்றினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கோப்பு பெருக்கும், ஒலி அதேதான்.

குரல் பதிவுக்கு என் பரிந்துரை இரண்டு நகல். பாதுகாக்க ஒரு ஃப்ளாக், கேட்க ஒரு சிறிய கோப்பு.

ஃப்ளாக் எதற்கு என்றால், அதற்கு மாறும்போது புதிதாக எதுவும் இழப்பதில்லை. மேலும் உள்ளே ஒலியின் எம்டி5 கையொப்பம் ஒன்றும் இருக்கும். பல ஆண்டு கழித்தும் கோப்பு கெட்டுவிட்டதா என்று சோதித்துப் பார்க்கலாம். இடமும் பிரச்சினை இல்லை. 12.2 கிலோபிட் ஏஎம்ஆர் ஒரு மணி நேரம் 5.5 எம்பி அளவு. அதையே 8 கிலோஹெர்ட்ஸ் மோனோவாக, சுருக்காமல் வேவில் வைத்தால்கூட 58 எம்பிக்குள் அடங்கும். ஃப்ளாக் அதைவிடக் குறைவு.

கேட்கும் நகலுக்கு, ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டும் இருக்கும் குடும்பம் என்றால் எம்4ஏ, அதாவது ஏஏசி. இடம் மிகக் குறைவாக வேண்டுமென்றால் ஓபஸ். வாட்ஸாப் குரல் செய்திகள் இந்தக் கோடெக்கில்தான் வருகின்றன. பேச்சுக்கு 24 கிலோபிட் போதும், மணிக்கு 11 எம்பி ஆகும். ஓபஸாக மாற்றியபின் மீடியாஇன்ஃபோ 48 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டும். அது ஓபஸின் வழக்கம், தரம் கூடியதாக நினைக்க வேண்டாம்.

எம்பி3-ஐ நான் கடைசியில்தான் எடுப்பேன். ஆனால் அப்பா கார் ஸ்டீரியோவில்தான் கேட்பார் என்றால் வேறு வழியில்லை. அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: 8 கிலோஹெர்ட்ஸ் எம்பி3 என்பது எம்பெக் 2.5 என்ற பின்னிணைப்பு வகை. பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு அது புரியாது; சத்தமே வராது, அல்லது வேகமாக ஓடும். அதனால் எம்பி3-க்கு மட்டும் சாம்பிள் ரேட்டை 44.1 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தி, மோனோ, 64 கிலோபிட் என்று வையுங்கள். இதுவும் தரத்துக்காகச் செய்வதில்லை, பிளேயர் ஏற்கவேண்டும் என்பதற்காக.

பாட்டு விஷயம் வேறு. 128 கிலோபிட் டபிள்யூஎம்ஏ திரைப்பாடலை உட்கார்ந்து மாற்றுவதைவிட, இன்று நல்ல தரத்தில் கிடைத்தால் புதிதாக வாங்கிக்கொள்வது மேல். எங்கும் கிடைக்காத கோயில் கச்சேரி, ஊர் நாடகம், வானொலிப் பதிவு இவற்றை மட்டும் மாற்றுங்கள். அவற்றுக்கு ஃப்ளாக், இடம் இல்லையென்றால் 192 கிலோபிட் ஏஏசி.

6. ஒரே ஒரு கோப்பில் சோதனை

'மூலம்' ஃபோல்டரிலிருந்து ஒரு கோப்பை ஆடாசிட்டியில் இறக்குமதி செய்யுங்கள். அலைவடிவம் தெரியும். ஒரு கோடு என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ.

ஏற்றுமதிப் பெட்டியில் ஃப்ளாக்கைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாக 'மாற்றியவை' என்ற புது ஃபோல்டரைக் கொடுங்கள். இங்கே அவசரப்படாமல் மூன்றையும் பாருங்கள்: சாம்பிள் ரேட் மூலத்தில் இருந்ததேதானா, சேனல் அதே எண்ணிக்கையா, பிட் ஆழம் (ஒவ்வோர் அளவையும் எழுத எத்தனை பிட்) 16-ஆ. மென்பொருள் தன் பாட்டுக்கு 44.1, ஸ்டீரியோ என்று வைத்திருக்கலாம். அப்படியே விட்டால் மோனோ குரல் இரண்டு சேனலாகி, தேவையில்லாமல் பல மடங்கு பெருக்கும்.

சத்தம் குறைவாக இருக்கிறது என்று இந்த நகலில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குவதையும் இங்கே செய்யவேண்டாம். ஏஎம்ஆர் குரலில் இரைச்சல் நீக்கியை ஓடவிட்டால் பேசுபவர் தண்ணீருக்கடியில் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். ஒலியளவை உயர்த்த வேண்டுமானால் கேட்கும் நகலில் மட்டும் உயர்த்துங்கள்.

விஎல்சியிலும் மாற்றலாம். மாற்று அல்லது சேமி என்ற பெட்டியில் சுயவிவரத்துக்குப் பக்கத்தில் ஸ்பேனர் படம் இருக்கும், அதைத் திறந்து சாம்பிள் ரேட்டையும் சேனலையும் திருத்தவேண்டும். மாற்றும்போது விஎல்சி சத்தமில்லாமல் பாட்டு ஓடுவதுபோல் பட்டையை நகர்த்திக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்துப் பாதியில் மூடுகிறவர்கள் உண்டு. பட்டை கடைசிக்குப் போகும்வரை விடுங்கள்.

7. மொத்தமாக மாற்றுதல்

சோதனைக் கோப்பைக் காதால் கேட்டுத் திருப்தியானபின்தான் இது. ஆடாசிட்டியில் ஒரே வேலையைப் பல கோப்புகளுக்குத் தானாகச் செய்யும் மேக்ரோ என்ற வசதி உண்டு. 'ஃப்ளாக்காக ஏற்றுமதி' என்ற ஒற்றைப் படியோடு ஒரு மேக்ரோ உருவாக்கி, 'கோப்புகளுக்குப் பயன்படுத்து' என்பதை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே சாம்பிள் ரேட், ஒரே சேனல் எண்ணிக்கை உள்ளவற்றை ஒரு தொகுதியாக எடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸ் பேச்சையும் 44.1 பாட்டையும் கலந்து போட்டால் ஏதாவது ஒன்றுக்குத் தப்பான அமைப்பு போய்ச்சேரும்.

கட்டளை வரி பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் ஒன்றே போதும். உள்ளீட்டுப் பெயரும் வெளியீட்டுப் பெயரும் கொடுத்தால் சாம்பிள் ரேட்டையும் சேனலையும் மூலத்தைப் போலவே வைத்துக்கொள்ளும். ஒரு சிக்கல் மட்டும்: ஏஎம்ஆர் போன்றவற்றை அது மிதவைப் புள்ளி எண்ணாக விரிப்பதால், சொல்லாமல் விட்டால் 24 பிட் ஃப்ளாக் எழுதிவிடும். சாம்பிள் வடிவத்தை 16 பிட் என்று குறிப்பிட்டால் கோப்பு வெகுவாக இளைக்கும்.

பெயர் மோதலையும் கவனியுங்கள். ஒரே பெயரில் ஏஎம்ஆர் ஒன்று, 3ஜிபி ஒன்று இருந்தால் இரண்டும் ஒரே ஃப்ளாக் பெயராகி, ஒன்றின்மேல் ஒன்று எழுதப்படும். பழைய எக்ஸ்டென்ஷனையும் பெயருக்குள்ளேயே விட்டுவைத்தால் தொல்லை இல்லை.

8. சரிபார்த்தல்

முதலில் எண்ணிக்கை. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை? அடுத்து நீளம். விரிதாளில் மூலத்தின் நீளத்தையும் புதியதன் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏஎம்ஆர் கோப்பின் தலைப்பகுதியில் நீளம் எழுதப்படுவதில்லை, பிளேயர்கள் ஊகித்துத்தான் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். பாதியாகக் குறைந்திருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

அப்புறம் காது. தொடக்கம், நடு, கடைசிப் பத்து நொடி மூன்றையும் கேளுங்கள். வெட்டுப்பட்ட கோப்புகளில் பெரும்பாலானவை கடைசியில்தான் மாட்டிக்கொள்கின்றன. தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு 'சரி' போடுபவர்களுக்கு அது தெரியாமலே போகும்.

9. பெயரும் டேகும்

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போடுங்கள், பிறகு பேசுபவர், பிறகு இடம் அல்லது சந்தர்ப்பம். தேதி முன்னால் இருந்தால் ஃபோல்டர் தானாகக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். படி 2-இல் எழுதிய விரிதாள் இங்கேதான் உதவும்.

பழைய பாட்டுக் கோப்புகளின் டேகில் தமிழ் இருந்தால் பெரும்பாலும் கிறுக்கலாகத் தெரியும். அது கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முந்திய திஸ்கி அல்லது டேப் குறியீட்டில் எழுதியது. திஸ்கியில் 'தமிழ்' என்ற சொல்லே முக்கால் பின்னக் குறி, மேலே கோடிட்ட ஆங்கில எழுத்து, சென்ட் குறி என்று நிற்கும். அந்த வரியை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் திஸ்கி, டேப் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதில் படிக்க முடிகிறதோ அதுவே சரியான குறியீடு. யூனிகோடாக வந்ததை எம்பி3டேகில் ஒட்டிச் சேமியுங்கள். கிறுக்கலாக இருக்கிறதே என்று டேகை மொத்தமாக அழித்துவிட்டால் பாடியவர் பெயர் திரும்பக் கிடைக்காது.

10. வைக்கும் இடம், அனுப்பும் முறை

ஃப்ளாக் வந்துவிட்டது என்று மூல ஏஎம்ஆரை அழிக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சே 5.5 எம்பிதான், இருந்துவிட்டுப் போகட்டும். நாளை இதைவிட நல்ல டிகோடர் வந்தால் மூலத்திலிருந்துதான் மறுபடி தொடங்கமுடியும்.

'மூலம்', 'மாற்றியவை' ஃபோல்டர்கள், விரிதாள் மூன்றையும் சேர்த்து ஒரு வெளி ஹார்டு டிஸ்கிலும், வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ இன்னொரு நகலாகவும் வையுங்கள். மெமரி கார்டையே ஒரே காப்பகமாக நம்பவேண்டாம். டிராயரில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாமல் கிடக்கும் கார்டு, சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பும்போது கேட்கும் நகலை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே, பெயரும் மாறாமல் போய்ச்சேரும். ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கில் பிடித்துக் குரல் செய்தியாக அனுப்பினால் பெயரும் தேதியும் போய்விடும், மங்கிய ஒலியும் இன்னொரு தடவை மங்கும்.